சிறகில் ஒட்டிய எழுத்து

விமானப் படிமம் செய்தலைச் சிறுவர் விளையாட்டென்று ஒதுக்குவார் பலர். கடையிலே பெட்டி ஒன்றை வாங்கி, உள்ளிருக்கும் துண்டுகளைப் பசையால் ஒட்டி, நூலிற் கட்டி முகட்டிலே தொங்கவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர்கள் எண்ணம். அக்கலையில் ஊறிய ஒருவரின் மேசையருகே ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருந்தவர் அவ்வாறு கூறார். மேசையின் நடுவே பெட்டி ஒன்றுதான் இருக்கும். அதனைச் சூழ வேறு வேறு தேசத்தார் செய்த ஐந்தாறு சிறு பொதிகள் கிடக்கும். ஒன்றிலே பித்தளைத் தகடு. ஒன்றிலே பிசினால் வார்த்த சக்கரங்கள். ஒன்றிலே ஊசியினும் மெலிந்த துப்பாக்கிக் குழல்கள். இன்னொன்றிலே வெறும் தாள். பெட்டியைச் செய்தவர் ஒருவர். இவற்றைச் செய்தவர் அவரோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத பிறர். பெட்டிக்குக் கொடுத்த விலையினும் இப்பொதிகளுக்குக் கொடுத்த விலை மிகுந்துவிடுவதும் உண்டு. மோட்டார் வண்டிகளுக்குப் பிறர் செய்து விற்கும் உதிரிப்பாகங்கள் போன்றவை இவை. ஈண்டு இவற்றை மேலுறுப்பு என்று வழங்குவேன்.

நன்னூலும் காரிகையும் படிப்பிக்கும் ஒருவனுக்கு விமானப் படிமத்திலே என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். அம்மேலுறுப்புகளுள் மிக மெலிந்ததாகிய ஒட்டுப்படத் தாளே என்னை அப்பக்கம் இழுத்தது. டெக்கல் என்று அதனை வழங்குவர். அதில் இருப்பது எழுத்தும் குறியும். எழுத்து எவ்விடத்துப் பிழையாக அச்சிடப்படினும் அது எங்கள் தொழிலைச் சேர்ந்த சங்கதியாகும்.

முதலில் அளவைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இக்கலையிற் பெரிதும் வழங்கும் அளவுத்திட்டம் 1/72 ஆகும். மெய்யான விமானத்தின் ஆறடி, படிமத்திலே ஓர் அங்குலம். நாற்பதடிச் சிறகுடைய ஹரிக்கேன் போர்விமானம் இவ்வளவில் ஏறத்தாழ 17 சதமமீற்றர் அகலமுள்ளதாய் உள்ளங்கையில் அடங்கிவிடும். இங்கிலாந்திலே 1932இல் வெளிவந்த ஸ்கைபேர்ட்ஸ் என்னும் மரப் படிமங்கள் இவ்வளவை நிலைநாட்டின. 1936இல் புறொக் என்னும் பெயருடையார் பிளாஸ்ரிக்கினாற் படிமப் பெட்டிகளைச் செய்து விற்கத் தொடங்கினர். அவர்கள் அதற்கு முன்னர் மெய்யாகவே பறக்கும் விளையாட்டு விமானங்களைச் செய்தவர்கள். பறக்காத இப்புதிய வகைக்குப் பறக்கமாட்டாத பறவையாகிய பெங்குயினின் பெயரை இட்டார்கள். பெயரிடுதலில் இவ்வளவு நேர்மை வணிகரிடத்து அரிது.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது இவ்வளவுத்திட்டத்துக்கு எதிர்பாராத ஒரு பயன் உண்டாயிற்று. 1942இல் அமெரிக்கக் கடற்படையினர் தம் நாட்டுப் பாடசாலை மாணவரைக் கொண்டு இலட்சக்கணக்கான மரப் படிமங்களை 1/72 அளவிற் செய்வித்தனர். துப்பாக்கியருகே நிற்கும் போர்வீரன் அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பழகி, வானத்தில் வருவது நண்பனுடையதா பகைவனுடையதா என்பதை ஒரு நொடியில் அறிதல் வேண்டும். ஆகவே இப்படிமங்கள் பார்த்து மகிழ்வதற்கு மட்டும் ஏற்பட்டன அல்ல. வானத்தை வாசிக்கக் கற்பித்த அரிச்சுவடியாகவும் அவை இருந்தன. இதனை மனத்தில் இருத்திக்கொள்க.

நிற்க. பெட்டி இருக்க மேலுறுப்பு ஏன் வேண்டியதாயிற்று?

பெட்டியின் துண்டுகள் உருக்கு வார்ப்பச்சிலே உருகிய பொலிஸ்ரைரீனை அழுத்திச் செலுத்தி வார்க்கப்படுவன. உருக்கிலே அச்சு வெட்டுதற்குச் செலவு மிகப் பெரிது. அதனால் ஒரே அச்சிலிருந்து ஒரு விமானத்தின் பல வகைகளையும் விற்க நிறுவனத்தார் முயல்வர். ஹரிக்கேன் முதல் வகைக்கு எட்டு இயந்திரத் துப்பாக்கிகள். இரண்டாம் வகையிலே ஒரு பிரிவுக்குப் பன்னிரண்டு, மற்றொரு பிரிவுக்கு நான்கு பீரங்கிகள். வெப்பமும் புழுதியும் மிகுந்த நாடுகளுக்கு அனுப்பியவற்றிற்கு மூக்கின் கீழே தூசு வடிக்கும் பெரிய தாடை ஒன்று உண்டு. இத்தனை வேறுபாட்டையும் ஒரு பெட்டியில் அடக்க எல்லாராலும் இயலாது. விடுபட்டதை வேறொருவர் வார்த்துக் கொடுக்கிறார்.

இன்னொரு காரணம் கணக்குப் பற்றியது. வார்த்த பிளாஸ்ரிக்கின் கனம் ஒரு மில்லிமீற்றர் என்று கொள்வோம். 72ஆற் பெருக்கினால் 7.2 சதமமீற்றர் வரும். மெய்யான விமானத்தின் மேற்றகடோ ஒரு மில்லிமீற்றர் அளவினதே. அந்த விகிதத்திலே படிமத்தின் தகடு கடதாசியினும் பலமடங்கு மெலிந்திருத்தல் வேண்டும். சில்லறைக் கதவுகளையும் இருக்கையின் வார்களையும் பிளாஸ்ரிக்கில் வார்த்தால் அவை பலகைபோலவும் வடக்கயிறுபோலவும் தோன்றுவது இதனாலேயாம்.

இக்குறையை நீக்க வந்ததே பித்தளை. தகட்டின்மேல் ஒளிபட்டால் இறுகும் பூச்சைப் பூசி, வேண்டிய உருவத்தை ஒளியினாற் பதித்து, எஞ்சிய இடத்தைப் பெரிக்குக் குளோரைட்டு முதலிய கரைசல் அரித்துத் தின்னவிடுவர். கண்ணுக்கு அரிதிற் புலப்படும் கொக்கிகளும் வலைகளும் கிடைத்துவிடும். செக் நாட்டிலே 1989இல் தொடங்கிய எடுவார்ட் நிறுவனம் இத்தொழிலிற் பேர்பெற்றது. சிலிக்கன் இறப்பர் அச்சிலே பொலியூரிதேன் பிசினை வார்த்தல் வேறொரு முறை. இறப்பர் வளைந்து கொடுக்குமாதலால், உருக்கு அச்சு விடாத உட்குடைவுகளும் இதில் வரும். பெல்ஜிய நாட்டு வெர்லிண்டன் முதலியோர் 1980களில் இதனைப் பரப்பினர். இன்று முப்பரிமாண அச்சுப் பொறிகள் அவ்விடத்தைப் பிடித்து வருகின்றன. போலந்து நாட்டார் கடைந்து தரும் பித்தளைக் குழல்கள், துணியாலேயே செய்த இருக்கை வார்கள், கண்ணாடிக் கவிகையின் சட்டங்களுக்கு வர்ணம் தீட்ட முன்கூட்டியே வெட்டிய ஒட்டுத்தாள்கள் என்று இவ்வரிசை நீளும். நீட்ட எனக்கு விருப்பமில்லை.

ஒன்று மட்டும் சொல்வேன். பித்தளையை எங்கும் பயன்படுத்துவது அறிவுடைமை அன்று. உருண்டையான நெம்புகோலைத் தட்டையான தகட்டில் வெட்டி ஒட்டினால் அது கடதாசிப் பொம்மையின் கைபோல் நிற்கும். பிளாஸ்ரிக் துண்டே அதனினும் மெய்க்கு அணித்து. மேலுறுப்பு வாங்கிவிட்டோம் என்பதற்காக நல்ல மூலத்தை வெட்டியெறிபவர், உரையிருக்கிறதென்று பாட்டைப் படியாது விடுபவருக்கு ஒப்பாவர்.

இனி ஒட்டுப்படத் தாளுக்கு வருவோம்.

அதன் ஆக்கம் எளிது. தாளின்மேல் நீரிற் கரையும் பசை. பசையின்மேல் கண்ணாடி போன்ற மென்படலம். படலத்தின்மேல் மையால் அச்சிட்ட குறிகள். வேண்டிய குறியைக் கத்தரித்து இளஞ்சூட்டு நீரிற் சில விநாடி அமிழ்த்தி எடுத்து வைத்தால், பசை இளகிப் படலம் தாளைவிட்டு வழுகும். விரல்நுனியாலோ தூரிகையாலோ அதனைச் சிறகின்மேல் நகர்த்தி, ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும். சிறகின் மேற்பரப்பு சொரசொரப்பாயிருந்தாற் படலத்தின் அடியிலே நுண்ணிய காற்றுக் குமிழிகள் அகப்பட்டு வெள்ளி பூத்தாற்போல் மினுங்கும். ஆதலால் முன்னரே மினுக்குப் பூச்சுப் பூசிக்கொள்வர். அமெரிக்க மைக்ரோஸ்கேல் நிறுவனத்தார் இரண்டு திரவங்கள் விற்கின்றனர். ஒன்று புளிக்காடி மணக்கும். அது படலத்தைப் பிடிக்கச்செய்வது. மற்றொன்று படலத்தையே இளக்கி, தகடுகளின் பொருத்துவாய்களிலும் ஆணித்தலைகளிலும் வர்ணம்போலப் படியச்செய்வது. இளகும்போது அது சுருங்கிக் கோணுவதைக் காண்பவர் நெஞ்சு துணுக்குறும். தொடாமல் விட்டுவிட வேண்டும். உலரும்போது தானே நேராகிவிடும். எடுவார்ட் அண்மைக் காலத்தில் அச்சிடும் தாள்களிலோ, உலர்ந்த பின் படலத்தை உரித்தெடுத்து மையை மட்டும் சிறகிலே விட்டுவைக்கலாம்.

பெட்டியின் உள்ளேயும் ஒரு தாள் இருக்கத்தான் செய்கிறது. அஃதிருக்கப் பிறர் அச்சிட்ட தாளை ஏன் வாங்குகிறார்கள்? இங்கேதான் இலக்கணம் வருகிறது.

ஒட்டுப்படம் இல்லாத ஹரிக்கேன் ஒரு பொதுப்பெயர். பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட ஹரிக்கேன்கள் செய்யப்பட்டன, மேசையிலே வர்ணம் தீட்டி நிற்கும் படிமம் அவற்றுள் எதுவாகவும் இருக்கலாம், எதுவும் அன்று. அதன் பக்கத்திலே படையணியின் இரண்டு எழுத்தும் அவ்விமானத்துக்குரிய ஓரெழுத்தும், வாலருகே தொடரெண்ணும் ஏறியவுடன் அஃது இயற்பெயர் ஆகிவிடுகிறது. இன்ன தொழிற்சாலையில் ஆகி, இன்ன நாளிலே இன்னார் ஏறிச்சென்று, திரும்பிய அல்லது திரும்பாத ஒரு விமானம் அது. பிரித்தானியத் தொடரெண்ணின் உயரம் மெய்யிலே எட்டங்குலம். படிமத்திலே மூன்று மில்லிமீற்றரினும் குறைவு. அந்தச் சிறிய எண்ணில் ஓரிலக்கம் மாறினால் ஒருவனுடைய செயல் மற்றொருவனுக்குப் போய்விடும். ஒருவனுடைய சாவும் அப்படியே.

பெட்டித் தாள் உலகமெங்கும் விலைபோதற்குரியது. இரண்டு மூன்று பேர்பெற்ற விமானிகளின் குறிகளோடு அமையும். பேர்பெறாதவனுடைய விமானத்தைச் செய்ய விரும்புபவன் மேலுறுப்புக்காரனிடந்தான் போகவேண்டும். ஆவணக் காப்பகங்களிலும் படையணிகளின் நாட்குறிப்புகளிலும் பழைய புகைப்படங்களிலும் தேடி, இருநூறோ முந்நூறோ பேர் வாங்கக்கூடிய ஒரு தாளை அச்சிடும் அம்மனிதர்களை நான் பதிப்பாசிரியர் வரிசையிலே வைப்பேன். கறையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த ஏடுகளை ஒப்புநோக்கி 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் முன்னே எத்தனை பாடபேதங்கள் கிடந்தனவோ, அத்தகைய தொல்லையே இவர்களுக்கும் உண்டு. ஏடு சிதைந்ததுபோலப் புகைப்படம் மங்கியிருக்கும். சிவப்பை உணராத பழைய படச்சுருளில் எடுத்ததாயின் சிவப்பு கறுப்பாகத் தோன்றும், மஞ்சளும் இருண்டு போகும், நீலமோ வெளிறிவிடும். வால்மேல் தெரியும் கரிய பட்டி சிவப்பா கறுப்பா மஞ்சளா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் தாள் அச்சிடுபவர்.

யப்பானியச் சீரோ விமானத்தின் நிறத்தைப் பற்றிய வழக்கு இவ்வகையிற் பெரியது. போர்க்காலத்து முற்பகுதியின் சீரோக்களை வெண்சாம்பல் நிறமாகவே பல்லாண்டு தீட்டி வந்தார்கள். பிறகு, எஞ்சிய தகட்டுத் துண்டுகளை ஆராய்ந்தவர்கள் அது பச்சையும் மஞ்சளும் ஓடிய ஒரு சாம்பல் என்று காட்டினர். பழையபடி தீட்டியவர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை.

நல்ல தாளை எப்படி அறிவது என்று கேட்டால் என் விடை இது: உடன்வரும் குறிப்பிலே எது புகைப்படத்திற் கண்டது, எது ஊகித்தது என்று பிரித்துச் சொல்லியிருந்தால் அது நல்ல தாள். ஒரு பக்கத்துப் படம் மட்டும் கிடைத்த விமானத்தின் மறுபக்கத்துக்கும் வாய் திறவாமற் சித்திரம் எழுதித் தருபவர் பதிப்பாசிரியர் அல்லர், இடைச்செருகற்காரர்.

தவறு கண்டவிடத்து ஒப்புக்கொள்ளும் பெருமையும் இத்துறையில் உண்டு. எடுவார்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட மெசஷ்மிட் 109 படிமம் அளவுக்குமேற் பெருத்திருந்தது. வாங்கியவர்கள் அளவுகோலை வைத்துக் காட்டினார்கள். நிறுவனத்தார் அதனைத் திருத்த முயன்று காலம் போக்காமல், புதிய அச்சு வெட்டி 2016இல் வேறு படிமமே வெளியிட்டனர். பிழைதிருத்தப் பட்டியலோடு ஒழியாது நூலையே மறுபடி அச்சுக்கோத்த செயல் இது.

இனி நம் தீவுக்குரிய ஒரு செய்தி. பிரித்தானிய விமானத்தின் வட்டக்குறி யாவரும் அறிந்தது: வெளியே நீலம், இடையே வெள்ளை, நடுவிலே சிவப்பு. யப்பானியருடைய குறியோ சிவப்பு வட்டம் ஒன்றே. 1942 ஏப்பிரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலை, யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்தன. இரத்மலானையிலிருந்தும், ஓடுபாதையாக மாற்றப்பட்டிருந்த கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன்கள் எழுந்தன. ஏப்பிரல் 9இற் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக் கடலிலே ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் அமிழ்ந்தது. அவ்வானத்திலே பறந்த இருதிறத்து விமானங்களின் குறியிலும் நடுவே சிவப்பு இருந்தது. மணிக்கு முந்நூறு மைல் வேகத்தில் ஒன்றையொன்று கடப்பவர்க்கும், கீழே துப்பாக்கியருகே அண்ணாந்து நிற்பவனுக்கும், முதலிற் கண்ணிற் படுவது அந்தச் சிவப்பே.

ஆகவே சிவப்பு நீக்கப்பட்டது. அமெரிக்கர் 1942 மே மாதத்திலே தம் வெண்தாரகையின் நடுவிலிருந்த சிவப்புப் புள்ளியை அழித்தார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த பிரித்தானிய விமானங்களின் வட்டத்திலும் நடுச்சிவப்பின்மேல் வெள்ளை பூசினார்கள். பின்னர், 1943 அளவில், வெள்ளையும் போய்க் கருநீல வட்டத்துள் வெளிர்நீலம் நிலைத்தது. ஐரோப்பாவிலே பறந்த அதே படையின் விமானங்களோ சிவப்பை விடவில்லை. அமெரிக்கரின் குறி இன்னும் வேடிக்கையானது. 1943 யூன் இறுதியில் தாரகையின் இருபுறமும் வெண்பட்டி சேர்த்து, முழுவதையும் சிவப்புக் கோட்டால் வளைத்தார்கள். ஓகஸ்ட்டிலே அச்சிவப்பையும் மாற்றி நீலமாக்கினார்கள். சிவப்புக் கரையோடு ஒரு தாரகை காணப்பட்டால் அது அந்த ஆண்டின் நடுப்பகுதியை ஒட்டியதென்று துணியலாம். கல்வெட்டறிஞர் எழுத்தின் வளைவைக் கொண்டு நூற்றாண்டைச் சொல்வதுபோல இங்கே மாதத்தையே சொல்லிவிடலாம்.

என்னிடம் முன்னர் படித்த மாணவர் ஒருவர், இப்பொழுது விஞ்ஞானம் படிப்பிப்பவர், ஏப்பிரல் 5ஆந் திகதி கொழும்பிலே பறந்த ஹரிக்கேன் ஒன்றைச் செய்கிறார். வெளிநாட்டிலிருக்கும் அவருடைய தமக்கையார் பெட்டியும் தாள்களும் அனுப்பியிருந்தார். தாள் ஒன்று நீலவட்டங்களோடு வந்தது. மற்றொன்று சிவப்பு நடுவோடு. "ஐயா, இலங்கை விமானத்துக்கு நீலந்தானே பொருத்தம் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள்" என்றார். இலங்கைக்குப் பொருத்தந்தான், அந்நாளுக்குப் பொருந்தாது. நீலவட்டத்தை ஒட்டிவிட்டால், எந்த மயக்கத்தினாற் குறி மாற்றப்பட்டதோ அம்மயக்கமே நிகழாதது ஆகிவிடும். சிவப்பு நடு பெட்டித் தாளிலே அரை மில்லிமீற்றர் விலகி அச்சாகியிருந்தது. மெய்யளவிலே அது மூன்றரைச் சதமமீற்றருக்கு மேல். நெற்றிப் பொட்டு ஒருபுறம் சரிந்தாற்போன்ற அத்தாளை ஒதுக்கி, சிவப்பு வட்டத்தைத் தனியே அச்சிட்டுத் தரும் வேறொரு தாளை அவர் வரவழைத்தார். நடுவைக் கண்ணால் மட்டிட்டு நாமே ஒட்டிக்கொள்ளலாம்.

குறிகளைப் பற்றிய வழக்குகளுள் மிகக் கடியது சுவஸ்திகம். நம்மவர்க்கு அது மங்கலம். புதுக்கணக்கின் முதலேட்டிலும் வாசற்கோலத்திலும் இடுவது. நாசி ஜேர்மனியின் விமான வாலிலே அது வேறு பொருள் கொண்டது. ஜேர்மனியக் குற்றவியற் சட்டம் அக்குறியைப் பொதுவிடத்துக் காட்டுவதைத் தடுக்கிறது. கல்வி, கலை, வரலாற்று ஆய்வு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. விற்பனைக்கு இடரின்றி இருக்கப் படிமப் பெட்டிகள் பலவற்றிலே தாளில் அக்குறி இராது. பெட்டியின் மேற்படத்திலும் வால் வெறுமையாகவே இருக்கும். சிலர் குறியை இரண்டு துண்டாக்கி அச்சிடுவர். ஒட்டுபவர் பொருத்திக்கொள்ள வேண்டும். மேலுறுப்புக்காரர் முழுதாகவே தருவதும் உண்டு. இனிப் பின்லாந்து நாட்டு விமானப்படையும் 1918 முதல் 1945 வரை நீலநிறச் சுவஸ்திகத்தைத் தாங்கிற்று. எரிக் வொன் றோசன் என்னும் சுவீடன் நாட்டுப் பிரபு கொடையாக அளித்த விமானத்திலே தம் நற்பேற்றுக் குறியாக அதனைத் தீட்டியிருந்தார். அதிலிருந்து வந்தது அது. நாசிகள் ஆட்சிக்கு வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முந்தியது.

பலபொருள் ஒருசொல் என்று நாம் இலக்கணத்திற் படிக்கிறோமே, அதற்கு இதனிலும் கொடிய உதாரணம் யான் அறியேன். ஒட்டலாமா, விடலாமா? வீட்டுக் கூடத்தின் அலங்காரத்துக்காயின் வேண்டா என்பேன். வரலாறு கற்பிக்கும் மேசையாயின் ஒட்டத்தான் வேண்டும். வால் வெறுமையான விமானம் எவருடைய ஏவலிலே குண்டு சுமந்ததென்று சொல்லாது. அது வெறும் அழகிய இயந்திரமாகிவிடும். தமக்குப் பிடியாத செய்யுளை நீக்கிப் பதிப்பித்த நூல்களால் நாம் பட்ட தொல்லை போதும். இதற்கு மறுதலையான கதையொன்றும் உண்டு. புறொக் நிறுவனத்தின் வார்ப்பச்சுகள் 1970களிற் சோவியத்து நாட்டுக்கு விற்கப்பட்டு, அப்படிமங்கள் நோவோ என்னும் பெயரோடு வந்தன. ஜேர்மனிய, யப்பானிய, இத்தாலிய விமானங்களின் அச்சுகளை மட்டும் சோவியத்தார் ஏற்றிலர். அவை றெவெல் நிறுவனத்துக்குப் போயின. கோடிக்கணக்கில் மக்களைப் பறிகொடுத்த நாட்டினர் தம் பிள்ளைகள் பகைவனுடைய விமானத்தை ஒட்டி விளையாடுவதை விரும்பவில்லை என்றால், அவர்களைக் குறுகிய மனத்தினர் என்று சொல்ல என் நா எழாது.

எழாமைக்குக் காரணம் உண்டு. எங்கள் தலைமுறையினர் விமானத்தைப் பதுங்குகுழியிலிருந்து அறிந்தவர்கள். 1985இற் சியாமாசெற்றி வந்தது, 1993இற் புக்காரா, 1996இற் கிபிர், 2000இல் மிக் 27. அவற்றின் சிறகிலே என்ன குறி இருந்ததென்று நாங்கள் பார்த்ததில்லை. பார்க்க நின்றவர் இலர். செவியாலேயே வாசித்தோம். ஐந்து வயதுப் பிள்ளை சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு இன்னது வருகிறது என்று பெயர் சொல்லும், பிழைக்காது. குண்டு போடப் பயன்பட்ட சரக்கு விமானத்துக்குச் சனங்கள் இட்ட பெயர் சகடை. பாரவண்டி உருள்வதுபோன்ற அதன் ஓசைக்கு அதனினும் பொருத்தமான காரணப்பெயர் எந்தப் புலவர்க்கும் வாய்த்திராது. கிபிருக்கும் இன்று படிமப் பெட்டிகள் உள, மேலுறுப்புகளும் உள. என் மாணவர் அதனை வாங்கியதில்லை. வாங்கும்படி நான் சொல்லவுமில்லை. வாங்காதே என்றும் சொல்லவில்லை. 1942இன் விமானங்களை அவர் செய்வதற்கு நான் துணைநிற்பது, அக்காலத்திலே அவற்றின் கீழ் நின்றவர்களும் நம்மைப்போலவே அண்ணாந்து நின்றார்கள் என்பதனால். கொழும்புத் துறைமுகத்தின் தொழிலாளியும் சீனன்குடாவின் கூலியாளும் அந்தச் சிவப்பைப் பார்த்து, நம்முடையதோ அவர்களுடையதோ என்று ஐயுற்றிருப்பர். அந்த ஐயத்தை ஒட்டுப்படத்தின்றிக் காட்ட வேறு வழியில்லை.

தாள் கிழமைகள் காத்துக் கிடந்ததில் ஒரு சங்கடம் நேர்ந்தது. அவரிடம் இருந்த பழைய தாள் ஒன்றிலே படலம் மஞ்சளித்துவிட்டது. வெள்ளை வட்டங்கள் புகையூட்டிய ஓலைபோலாயின. இதற்கு இவர்களிடையே வழங்கும் கைவைத்தியம் எளிது. தாளைத் தெளிந்த உறையிலிட்டு வெயில் படும் சாளரக் கண்ணாடியில் ஒட்டிவிடுவது. சில கிழமைகளில் மஞ்சள் வெளிறும். நம் நாட்டு வெயிலுக்குப் பத்து நாளே போதியதாயிற்று. படலம் வெடித்துப் பொடியாகும் பழந்தாள்களுக்கு மைக்ரோஸ்கேலார் விற்கும் திரவத்தை மேலே ஒரு பூச்சுப் பூசினால் துண்டுகள் ஒன்றுகூடி நிற்கும். ஏட்டுக்கு மஞ்சளும் எண்ணெயும் பூசிய கையினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஹரிக்கேனுக்கு இடச்சிறகின் வட்டமும் வலச்சிறகின் வட்டமும் ஏறிவிட்டன. தொடரெண் பாக்கி. அதற்குப் பக்கத்திலே வைக்க இப்பொழுது ஒரு சீரோவையும் தொடங்கியிருக்கிறார். அதற்கு வாங்கிய தாளிலே, 1941 டிசெம்பரிற் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஆறு கப்பல்களின் விமானங்களுக்கும் உரிய உடற்பட்டிகள் அச்சிடப்பட்டுள்ளன: அக்காகிக்கு ஒரு சிவப்பு, காகாவுக்கு இரண்டு, சோர்யுவுக்கு ஒரு நீலம், ஹிர்யுவுக்கு இரண்டு, ஷொக்காக்குவுக்கு ஒரு வெள்ளை, சுய்க்காக்குவுக்கு இரண்டு. ஐந்துள் எதனை ஒட்டுவதென்று அவர் இன்னும் முடிவுசெய்யவில்லை, புகைப்படம் தேடுகிறார். காகாவின் இரட்டைச் சிவப்பை மட்டும் கத்தரித்து ஒரு தீப்பெட்டியில் ஒதுக்கி வைத்துவிட்டார். அக்கப்பல் பழுதுபார்க்க யப்பானிலே நின்றுவிட்டது, கொழும்புக்கு வரவில்லை.